கீழ்பவானி வாய்க்காலில் உங்கள் பங்குத் தண்ணீர்: அணை முதல் கடைமடை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எங்கள் ஊர் டீக்கடையில் செய்தித்தாளைப் பிரிப்பவர்கள் முதலில் தேடுவது உள்பக்க ஓரத்தில் வரும் மூன்று எண்களைத்தான்: பவானிசாகர் அணையின் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம். அதைப் பார்த்ததும் நாற்று விடலாமா, பொறுக்கலாமா என்று பாதி முடிவாகிவிடும். மீதிப் பாதி, அந்தத் தண்ணீர் நம் வயல் வரை வந்து சேருமா என்பதில் இருக்கிறது.

கடைமடையில், அதாவது வாய்க்கால் முடியும் கடைசிப் பகுதியில், நிலம் வைத்திருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அப்பா காலமான பிறகு நிலத்தைக் கையில் எடுத்த பலர், திருப்பூரிலோ கோவையிலோ வேலை பார்த்துவிட்டு இப்போது ஊருக்குத் திரும்பிய பலர், என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "வாய்க்கால் தண்ணியில எனக்கு எவ்வளவு பங்கு? அதை எப்படி வாங்குறது?" வாய்க்கால் பாசனத்தில் உங்கள் உரிமை கடைசியில் மணிக்கணக்காகத்தான் வந்து நிற்கும். எந்த வருஷம், எந்த மதகு, எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம். இந்த நான்குக்கும் பதில் தெரிந்து வைத்திருப்பவரை ஏமாற்றுவது கடினம். தெரியாதவருடைய தண்ணீர் யார் வயலிலாவது பாய்ந்துகொண்டிருக்கும்.

முதல் படி: திட்டத்தை ஒருமுறை முழுசாகப் பாருங்கள்

பவானியும் மாயாறும் சேரும் இடத்தில், சத்தியமங்கலத்துக்கு மேலே இருக்கிறது பவானிசாகர் அணை. வேலை 1948-ல் தொடங்கி 1955-ல் முடிந்தது. ஏறத்தாழ 8.8 கிலோமீட்டர் நீளத்துக்கு மண்ணால் எழுப்பிய கரை. கொள்ளளவு 32.8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன், அதாவது நூறு கோடி கன அடி). முழு உயரம் 120 அடி என்றாலும், அடியில் சேறு சகதிக்கென்று 15 அடியைக் கழித்துவிட்டு 105 அடி என்றுதான் தினமும் கணக்குச் சொல்வார்கள். யாராவது 120 என்றும் யாராவது 105 என்றும் சொன்னால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே அணைதான்.

அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானி பிரதான வாய்க்கால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடுகிறது. பழைய கணக்கில் 124 மைல். இன்றும் எங்கள் பக்கம் வாய்க்காலில் ஓர் இடத்தைக் குறிக்க மைல் கணக்கைத்தான் சொல்கிறோம். ஈரோடு, திருப்பூர், கரூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து 2.07 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது இந்த வாய்க்காலில் பாசன உரிமை உள்ள நிலம். வாய்க்காலின் முழு ஓட்டம் விநாடிக்கு 2,300 கன அடி.

மேட்டு நிலத்தின் சரிவை ஒட்டி வளைந்து வளைந்து போகும் வாய்க்கால் இது. ஒரு பக்கம் மேடு, இன்னொரு பக்கம் மண் கரை. பாசன நிலம் எல்லாம் பள்ளப்பக்கம். இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கசிவுநீர்ப் பிரச்சினைக்கு வரும்போது தேவைப்படும்.

இரண்டாம் படி: உங்கள் நிலம் எந்த வரிசையில் நிற்கிறது?

அணைத் தண்ணீருக்குப் பலர் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசை யார் மனம்போல வைத்ததும் அல்ல, வரலாற்றிலிருந்து வந்தது.

முன்னால் நிற்பது பழைய ஆயக்கட்டு. கொடிவேரி அணைக்கட்டிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்கு 24,504 ஏக்கர். பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்னால் தொடங்கும் காலிங்கராயன் வாய்க்காலுக்கு 15,743 ஏக்கர். காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நம் அணை கட்டுவதற்கு ஏறக்குறைய 700 வருஷம் முன்பிருந்தே அவர்கள் அந்த ஆற்றில் பாசனம் செய்துகொண்டிருந்தார்கள். ஆற்றை மறித்து அணை கட்டியபோது, அவர்களுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரைக் கொடுத்துவிட்டுத்தான் புது நிலத்துக்கு என்பது ஒப்புக்கொண்ட விஷயம். பற்றாக்குறை வருஷத்தில் "அவங்களுக்கு மட்டும் எப்படி ஆத்துல தண்ணி போகுது?" என்று நம் ஆட்கள் கொதிப்பதைப் பார்த்திருக்கிறேன். வருத்தம் புரிகிறது. ஆனால் அவர்கள் உரிமை நம் உரிமையைவிட மூத்தது. அதை ஏற்றுக்கொண்டு பேசினால்தான் நம் பேச்சுக்கு எடை இருக்கும்.

அடுத்தது நாம், புது ஆயக்கட்டு. நமக்குள்ளேயும் இரண்டு பாதி. 2.07 லட்சம் ஏக்கரை மதகு எண்ணை வைத்து ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாதியும் 1,03,500 ஏக்கர். இந்த வருஷம் ஒரு பாதிக்கு முதல் போகத்தில் நன்செய், அதாவது நெல்லுக்கான தண்ணீர். மறு பாதிக்கு இரண்டாம் போகத்தில் புன்செய்: கடலை, எள் மாதிரிப் பயிர்களுக்கு. அடுத்த வருஷம் இது அப்படியே மாறும். ஆக, உங்கள் வயலுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நெல் தண்ணீர், இடையில் ஒரு புன்செய்த் தண்ணீர். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் நிலத்தை நான்கு மண்டலமாகப் பிரித்துச் சுற்றுக்கு விடுகிறார்கள். அதோடு ஒப்பிட்டால் நம் ஏற்பாடு கொஞ்சம் தாராளம்தான்.

ஆயக்கட்டுக்கு வெளியே, வாய்க்காலுக்கு மேட்டுப்பக்கம் இருக்கும் நிலத்துக்கு வாய்க்கால் தண்ணீரில் உரிமை இல்லை. நிலம் வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். "வாய்க்காலை ஒட்டின பூமிங்க" என்று தரகர் சொல்வது வேறு, ஆயக்கட்டு நிலம் என்பது வேறு.

இந்தப் படியில் நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் புல எண்களை எடுத்துக்கொண்டு நீர்வளத்துறையின் பாசனப் பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள். ஆயக்கட்டுப் பதிவேட்டில் எந்த மதகின் கீழ், எந்தப் பகிர்மான வாய்க்காலில் (பிரதான வாய்க்காலிலிருந்து பிரியும் கிளை), எத்தனை ஏக்கர் என்று பதிவாகியிருக்கிறது என்பதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பாகம் பிரித்த நிலமாக இருந்தால் பதிவேட்டில் தாத்தா பெயரே இருக்கலாம். பட்டா உங்கள் பெயரில் இருப்பது மட்டும் போதாது. காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

மூன்றாம் படி: திறப்பு அறிவிப்பை வரி வரியாக வாசியுங்கள்

நன்செய்க்கு வழக்கமான தேதி ஆகஸ்ட் 15, நாள் கணக்கு 120. அறிவிப்பில் இப்படி ஒரு வரி வரும்: பிரதான வாய்க்காலில் இரட்டைப்படை மதகுகள், சென்னசமுத்திரம் பகிர்மான வாய்க்காலில் ஒற்றைப்படை மதகுகள், 1,03,500 ஏக்கர், 23,846.40 மில்லியன் கன அடிக்கு மிகாமல்.

சென்னசமுத்திரத்தில் ஒற்றை இரட்டை தலைகீழாக இருப்பதைக் கவனித்தீர்களா? அங்கே நிலம் வைத்திருப்பவர்கள் "இந்த வருஷம் இரட்டைப்படையாம்" என்று மேலோட்டமாகக் கேட்டுவிட்டு நாற்று விட்டால் வீணாகப் போகும்.

23,846.40 என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. விநாடிக்கு 2,300 கன அடி வீதம் 120 நாள் ஓடினால் எவ்வளவு? பெருக்கிப் பாருங்கள், மிகச் சரியாக அதே எண். அதாவது வாய்க்கால் 120 நாளும் முழு அளவில் ஓடினால் ஆகும் தண்ணீர்தான் நமக்கு ஒதுக்கீடு. நாம் பேச்சுக்கு 24 டி.எம்.சி. என்கிறோம். புன்செய்க்கு அதில் பாதி, 12 டி.எம்.சி., அதுவும் தொடர்ந்து ஓடாது. விட்டு விட்டு, சுற்றுகளாக வரும். எந்தத் தேதியில் திறப்பு, எந்தத் தேதியில் நிறுத்தம் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்கி வீட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கடலைக்குப் பூ இறங்கும் நேரமும் வாய்க்கால் நிறுத்தமும் ஒன்றாக விழுந்தால் காய் பிடிக்காது. விதைக்கும் நாளை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளலாம்.

"மிகாமல்" என்பதும் முக்கியமான வார்த்தை. அணையில் இருப்பைப் பொறுத்துக் குறைக்கலாம் என்று அர்த்தம். தென்மேற்குப் பருவமழை பொய்த்து, முதல் போகமே திறக்காமல் போன வருஷங்களும் உண்டு.

நான்காம் படி: டி.எம்.சி.யை மணியாக மாற்றுங்கள்

இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள். ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டால் ஆயுசுக்கும் உதவும்.

ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்க 3,630 கன அடி வேண்டும். விநாடிக்கு ஒரு கன அடி ஓட்டம் ஒரு மணி நேரத்தில் தருவது 3,600 கன அடி. கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆகவே ஒரு கன அடி ஓட்டம், ஒரு மணி நேரம், ஒரு ஏக்கர், ஓர் அங்குலம். இந்த நான்கு "ஒன்று"களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இனி பங்கு. 2,300 கன அடியை 1,03,500 ஏக்கருக்குப் பிரித்தால் 45 ஏக்கருக்கு ஒரு கன அடி. மதகிலிருந்து வயல்களுக்குப் போகும் உங்கள் கொப்பு வாய்க்காலின் கீழ் 90 ஏக்கர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 2 கன அடி வர வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். அதை 90-ஆல் வகுத்தால் ஏக்கருக்கு ஒரு மணி 52 நிமிடம். உங்களிடம் 3 ஏக்கர் இருந்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 5 மணி 36 நிமிடம் உங்கள் முறை. அந்த நேரத்தில் 2 கன அடி முழுசாக வந்தால் வயலில் மூன்றே முக்கால் அங்குலம் நிற்கும்.

நடைமுறையில் அவ்வளவு வராது. மண் வாய்க்காலில் வழியெங்கும் தண்ணீர் இறங்கிக்கொண்டே வரும், மதகுகள் பழசு, வழியில் எடுப்பவர்களும் உண்டு. ஆனால் எவ்வளவு வர வேண்டும் என்பது தெரிந்தால்தான் எவ்வளவு குறைகிறது என்று சொல்ல முடியும். "தண்ணியே வரலீங்க" என்று அலுவலகத்தில் போய் நின்றால் யாரும் எழுந்து பார்ப்பதில்லை. "2 கன அடி வர வேண்டிய மதகில் ஒன்றுகூட வரவில்லை, நாலு நாளாகக் குறித்து வைத்திருக்கிறேன்" என்று சொன்னால் பணி ஆய்வாளர் வண்டியை எடுப்பார்.

ஐந்தாம் படி: திறப்புக்கு முன்னால் வாய்க்காலில் நடங்கள்

ஜூலை கடைசியில் ஒரு காலை நேரம் போதும். மதகிலிருந்து உங்கள் வயல் வரைக்கும், பிறகு வயலிலிருந்து கொப்பு வாய்க்காலின் கடைசி வரைக்கும் நடந்து பாருங்கள். பிரதான வாய்க்காலும் பகிர்மான வாய்க்கால்களும் துறையின் பொறுப்பு. கொப்பு வாய்க்கால் நம் பொறுப்பு. பார்க்க வேண்டியவை: மதகின் ஷட்டர் முழுசாக இறங்குகிறதா, கரையில் எலி வளை, நண்டு வளை இருக்கிறதா, சீமைக்கருவேலம் முளைத்திருக்கிறதா, யாராவது வண்டிப் பாதைக்காகக் கரையைச் சாய்த்திருக்கிறார்களா, பாதைக்கு அடியில் போகும் குழாய் மண் மூடியிருக்கிறதா.

சின்ன வளையை அலட்சியப்படுத்தாதீர்கள். மண் கரையில் கட்டைவிரல் நுழையும் ஓட்டையில் தண்ணீர் தெளிவாகக் கசிந்தால் கொஞ்சம் பொறுக்கலாம். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அன்றைக்கே மூட்டை போட்டு அடைக்க வேண்டும்.

முன்பு குடிமராமத்து என்று வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வேலை செய்வது வழக்கம். 2017-ல் அதே பெயரில் அரசு நிதியோடு திட்டம் வந்தது. எந்தத் திட்டம் வந்தாலும் வராவிட்டாலும், கொப்பு வாய்க்கால்காரர்கள் ஏக்கர் கணக்கில் பணம் போட்டு ஒரு நாள் பொக்லைன் வைத்துத் தூர் எடுப்பதுதான் நடக்கிற காரியம். தலைமடைக்காரர்கள் "எனக்குத் தண்ணி வந்திருதே" என்று பணம் தரத் தயங்குவார்கள். வாய்க்கால் அடைபட்டால் முதலில் கரை மீறித் தண்ணீர் நிற்பது அவர்கள் வயலில்தான். இதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஆறாம் படி: முறை நடத்துவது

திறந்த அன்றே 2,300 கன அடி விடமாட்டார்கள். காய்ந்து கிடந்த மண் கரை ஊறிப் பிடிக்க வேண்டும். அதனால் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். கடைமடைக்கு வந்து சேர நாள் பிடிக்கும், பதற வேண்டாம்.

தண்ணீர் நிலைப்பட்டதும் முறைச் சீட்டு எழுதுங்கள். பெயர், ஏக்கர், கிழமை, தொடங்கும் மணி, முடியும் மணி. வாரத்துக்கு வாரம் இரவு முறையும் பகல் முறையும் மாறுகிற மாதிரி சுற்றைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் யாருக்கும் எப்போதும் நடு ராத்திரியே வாய்க்காது.

இதில் கடைமடைக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று உண்டு. அதுதான் வாய்க்கால் நிரம்பும் நேரம். மேலே ஒருவர் தன் வாய்மடையை அடைத்ததும் தண்ணீர் உடனே உங்கள் வயலுக்கு வந்துவிடாது. காய்ந்த வாய்க்காலில் ஊறி, நடந்து வர வேண்டும். ஒருநாள் ராத்திரி டார்ச்சும் மண்வெட்டியுமாக மேல் வயலுக்குப் போய் நின்றேன். வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, உன்ற மொறை ரெண்டு மணிக்கல்ல? இப்ப ஒன்றரைதான ஆச்சு?"

"ஆமாங் மாமா. தண்ணி எங்க காட்டுக்கு நடந்து வர அரை மணி நேரம் ஆகுதுங்களே. ரெண்டு மணிக்கு அடைச்சா எனக்கு ரெண்டரைக்குத்தானுங்க கெடைக்குது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து, நெல்லுக்குள் காலை விட்டுத் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தார். "எனக்குப் போதும், அடைச்சுக்க" என்றார். அடுத்த வாரம் சீட்டிலேயே கடைசி நாலு பேருக்கும் அரை மணி நேரம் கூட்டி எழுதினோம். அந்த அரை மணி மற்ற எல்லாரிடமிருந்தும் சில நிமிடங்களாக எடுத்தது. யாருக்கும் வலிக்கவில்லை. எங்கள் வாய்க்காலில் சண்டை குறைந்தது அதற்குப் பிறகுதான்.

ஏழாம் படி: சங்கத்தைப் பயன்படுத்துங்கள்

தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு முறை மேலாண்மைச் சட்டம் 2000-ஆம் ஆண்டினது. அதன்படி மூன்று அடுக்கு: கீழே நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், அதற்கு மேல் பகிர்மானக் குழு, உச்சியில் திட்டக் குழு. தலைவரையும் தொகுதி உறுப்பினர்களையும் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். முறை வகுப்பது, பராமரிப்புத் திட்டம் போடுவது, உறுப்பினர்களுக்குள் தகராறைத் தீர்ப்பது எல்லாம் சங்கத்தின் வேலை.

பல இடங்களில் தேர்தல் முடிந்த கையோடு சங்கம் தூங்கிவிடுகிறது. என் அபிப்பிராயத்தில் அதற்குக் காரணம் நாம்தான், கூட்டத்துக்குப் போவதில்லை. போகத்துக்கு இரண்டு கூட்டமாவது நடக்க வேண்டும்: திறப்புக்கு முன் ஒன்று, நிறுத்திய பின் ஒன்று. தீர்மானத்தை எழுதிக் கையெழுத்து வாங்கி, நகலை உதவிப் பொறியாளரிடம் கொடுங்கள்.

எட்டாம் படி: தண்ணீர் வராவிட்டால்

முதலில் கொப்பு வாய்க்காலில் மேலே ஏறிப் போய் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மதகு வரை தண்ணீர் இருந்தால் பிரச்சினை நம் ஆட்களுக்குள். சீட்டைக் காட்டிப் பேசுங்கள், முடியாவிட்டால் சங்கம். மதகிலேயே இல்லை என்றால் லஸ்கரிடம், அதாவது வாய்க்காலையும் மதகுகளையும் பார்த்துக்கொள்ளும் துறை ஊழியரிடம், சொல்லுங்கள். இருக்கிற சில லஸ்கர்கள் நெடுந்தூரம் பார்க்க வேண்டியிருக்கிறது, அவர்கள்மேல் எரிந்து விழாதீர்கள். அப்புறம் பணி ஆய்வாளர், உதவிப் பொறியாளர், உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர் என்ற வரிசை. ஒவ்வொரு படியிலும் எழுத்தில் கொடுங்கள். கடைசியாக, மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம்.

வாய்க்கால் கரையில் மோட்டார் வைத்துக் குழாய் போட்டு உறிஞ்சுவது தனிக் குற்றம். நேரில் போய் மோதாதீர்கள். இடம், மைல், நேரம், படம் ஆகியவற்றோடு துறைக்கும் மின்வாரியத்துக்கும் புகார் கொடுங்கள். இணைப்பு போனால் மோட்டார் தானாக நிற்கும்.

கான்கிரீட்டா, மண் கரையா?

2020-ல் பிரதான வாய்க்காலைச் சீரமைக்க 709.60 கோடி ரூபாய்க்குத் திட்டம் வந்ததும் ஆயக்கட்டே இரண்டாகப் பிரிந்தது. கடைமடைக்குத் தண்ணீர் வரவேண்டுமானால் கசிவை நிறுத்த வேண்டும் என்று ஒரு தரப்பு. அந்தக் கசிவுதான் பள்ளப்பக்கக் கிணறுகளையும் குட்டைகளையும் குடிநீரையும் காப்பாற்றுகிறது, கான்கிரீட் போட்டால் எல்லாம் வறண்டுவிடும் என்று இன்னொரு தரப்பு. போராட்டம், வழக்கு என்று உயர்நீதிமன்றம் வரை போனது.

நான் கடைமடைக்காரன், முதல் தரப்பில் நிற்பேன் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். ஆனால் எங்கள் கிணற்றிலும் வாய்க்கால் ஓடும் மாதங்களில் மட்டம் ஏறுவதைக் கண்ணால் பார்க்கிறேன். அந்தக் கிணறு இல்லாவிட்டால் நிறுத்த நாட்களில் கடலை தாங்காது. பலவீனமான கரை, மதகு, ஷட்டர் ஆகியவற்றைச் சரி செய்வதும், திருட்டைத் தடுப்பதும், ஒவ்வொரு மதகிலும் அளவுகோல் வைத்து அளப்பதும்தான் முதல் வேலை என்பேன். இதையெல்லாம் செய்த பிறகும் கடைமடைக்கு எவ்வளவு குறைகிறது என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் தரையில் கான்கிரீட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

கடைசிப் படி: வாய்க்கால் நின்ற பிறகு

நிறுத்தியதும் இரண்டு வேலை. கிராம நிர்வாக அலுவலரிடம் போய், இந்தப் பசலியின் (வருவாய்த்துறை ஆண்டின்) அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், உங்கள் பயிரும் பாசன ஆதாரமும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வாய்க்கால் பாசனம் என்று எழுத வேண்டிய இடத்தில் கிணறு என்று இருந்தால் அப்போதே திருத்தச் சொல்லுங்கள். நாளைக்கு ஆயக்கட்டு உரிமையில் கேள்வி வந்தால் உங்களுக்கு இருக்கும் சாட்சி அந்த அடங்கல்தான்.

அடுத்து, ஒரு நோட்டில் இந்தப் போகத்தை எழுதி வையுங்கள்: தண்ணீர் வந்த தேதி, வராத முறைகள், கரை உடைந்த இடம், தூர் எடுக்க ஆன செலவு, யார் எவ்வளவு தந்தார்கள். அடுத்த ஜூலையில் வாய்க்காலில் நடக்கப் போகும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.